ஆலைத்துறையில் பாகுருண்டை இடம் மாறியது குறித்துப் பேரரசியாருக்கு

நீர் நிறைக, நெல் நிமிர்க, நீதி நிலைக்க.

ஏழு கழிமுகங்களுக்கும் இரண்டு மலைகளுக்கும் இடையே விரிந்த வெண்டுறை நாட்டைத் தம் குடைக்கீழ் வைத்துக் காப்பவரும், பகைநாட்டுப் புலவரும் கூலி கேளாமல் பாடும் புகழுடையவரும், மாமதில் நகரின் அரியணையில் பதினோராம் ஆண்டு வீற்றிருப்பவருமாகிய பேரரசி நன்முகை மாதேவியாரின் திருவடிகளுக்கு, ஏரித்தலைமைத் தேர்தலை மேற்பார்க்க ஆலைத்துறைக்கு அனுப்பப்பட்ட அமைச்சன் பூதங்கண்ணன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. தலைநகரின் நான்கு வாயில்களும் நலமாகத் திறந்து நலமாக மூடுவனவாகுக. தங்கள் களஞ்சியங்களில் எலியும், தங்கள் அவையில் முகத்துதியும் குறைவனவாகுக.

மேற்பார்க்கச் சென்றவன் எவரையும் பழிக்கவும் வேண்டாம், எவரையும் வியக்கவும் வேண்டாம் என்று விடைபெறும்போது தாங்கள் கட்டளையிட்டீர்கள். முதல் பாதியை அடியேன் காத்தேன். இரண்டாம் பாதி கைநழுவிப் போயிற்று. எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லவே இவ்வோலை.

ஆலைத்துறை கரும்பு விளையும் ஊர் என்பதும், அதன் பேரேரியின் தென்கரை சென்ற மழையிலேயே கசியத் தொடங்கிவிட்டது என்பதும் தாங்கள் அறிந்தவை. அடுத்த மழைக்கு முன் கரையைப் பலப்படுத்த ஒரு தலைவர் வேண்டும். அத்தலைவரைக் குடத்தில் ஓலையிட்டு ஊரே தேர்ந்தெடுக்கிறது. இதுவரை பிற ஊர்களின் வழக்கமே. ஆலைத்துறைக்கென்று தனி வழக்கம் ஒன்று உண்டு. வேட்பாளர்கள் மேடையேறித் தம்மைத்தாமே புகழ்வதை இவ்வூரார் ஏற்பதில்லை. அதற்கு மாறாக, ஊர்ப் பாகுக்காரி ஒவ்வொரு வேட்பாளருடனும் ஒரு முழுநாள் இருந்து, அவர் பேசுவதையும் பேசாததையும், உண்பதையும் உறங்கி விழுவதையும் கண்டு, அவர் பெயரால் ஒரு பாகுருண்டை காய்ச்ச வேண்டும். ஓலையிடும் நாளுக்கு மூன்று நாள் முன்பு அது வீடுதோறும் வழங்கப்படும். வேட்பாளரும் தம் உருண்டையை ஊரவையின் முன் வாயிலிட்டு முழுதும் தின்ன வேண்டும். துப்பியவர் போட்டியிலிருந்து நீங்கியவராவார்.

இந்த வேலையை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்து வருபவள் சோலைநங்கை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவன் மக்கள் இல்லை. ஆற்றோரம் ஓர் ஓட்டுவீடும், அதன் பின்கட்டில் அவளே மண் குழைத்துக் கட்டிய மூன்று வாய் அடுப்பும்தான் உடைமை. அந்த அடுப்பே அவளுக்கு வயல், அதுவே உறவு. யாரேனும் நலம் விசாரித்தால் தன்னைப் பற்றிச் சொல்லுமுன் அடுப்பு நன்றாக எரிகிறது என்றுதான் சொல்வாளாம்.

இம்முறை வேட்பாளர்கள் மூவர். மூவரையும் அவள் எப்படிக் காய்ச்சினாள் என்பதை அவள் வாய்மொழியாகவே கேட்டு எழுதுகிறேன். அடியேன் மூன்றையும் தின்றும் பார்த்தேன். கடமைக்காகத்தான்.

முதலாமவர், தங்கள் தந்தையார் காலத்துப் படைத்தலைவர் அரிமான் கடம்பனார். அவருடன் இருந்த நாளில் காலை உணவுக்கு முன்பே இரண்டு போர்களைக் கேட்டு முடித்ததாகச் சோலைநங்கை சொல்கிறாள். உப்புக் கொண்டுவரத் தாமதித்த பணியாளை அவர் நாடு கடத்தினார். அவன் வாயிற்படி தாண்டுமுன் அழைத்து மன்னிப்புக் கேட்டார். பக்கத்து வீட்டில் தாலாட்டுக் கேட்டபோது கண் துடைத்துக்கொண்டார். ஆகவே அவருக்கு மிளகும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சி, உள்ளே நெய்யில் வதக்கிய வாழைப்பழத்தை ஒளித்துவைத்தாள். வாயிலிட்டதும் போர் மூளும், கண்ணில் நீர் வரும், காது சூடாகும். பத்து எண்ணுவதற்குள் சமாதானம் ஆகி, உருண்டையும் தீர்ந்துபோகும்.

இரண்டாமவர், கடல்வணிகர் தாழையூர் நம்பியார். அவர் சிரித்தால் கடன்காரனும் சேர்ந்து சிரிப்பான். ஏரிக்கரைக்குப் பளிங்குப் படி, படியில் விளக்கு, விளக்கின் கீழ் கூத்து என்று அவர் சொல்லச் சொல்ல, சோலைநங்கைக்கே ஒரு நாழிகை கால் தரையில் படவில்லையாம். வீடு திரும்பியபின் கசிவைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று யோசித்தாள்; ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவருக்குப் பன்னீரும் குங்குமப்பூவும் தாழம்பூ மணமும் கூட்டி, மேலே பொன்தகடு ஒட்டி, உள்ளே காற்றை மட்டும் வைத்தாள். நாக்கில் பட்டதும் கரைந்துபோய், இன்னொன்று கிடைக்குமா என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சும். நம்பியாரும் அவைமுன் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். இதை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றலாமா என்றும் கேட்டார். அவரை வெறுக்க யாராலும் முடியாது, அடியேனும் முயன்று தோற்றேன்.

மூன்றாமவர், மடைக்காவலர் ஊரன் ஆதனார். முப்பது ஆண்டாக மடை திறந்து மடை மூடுபவர். அவருடன் இருந்த நாளில் அவர் பேசிய சொற்களைச் சோலைநங்கை விரல்விட்டு எண்ணினாள். ஒரு கையில் விரல் மிஞ்சியது. கசியும் இடத்தில் மார்பளவு நீரில் நின்று, கரைக்குள் கையை விட்டு, எவ்வளவு மண் இளகியிருக்கிறது என்று உச்சிப்பொழுதுவரை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பனைவெல்லத்தைக் கல்லாக இறுகக் காய்ச்சி, புளியும் உப்பும் எலுமிச்சைத் தோலும் சேர்த்தாள். கடித்தால் பல் போகும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போக வேண்டியதுதான். முதலில் உப்பு, பிறகு புளிப்பு, மதியம் நெருங்கும்போது, மறந்தே போன நேரத்தில், இனிப்பு வரும்.

இனித் தவறு நேர்ந்த விதம். உருண்டைகளைச் சருகில் மடித்து நூல் கட்டும்போது பாகுக்காரியின் கண்ணைத் துணியால் கட்டிவிடுவது இவ்வூர் விதி. எவர் பெயருக்குப் பெரியது விழுகிறது, எவர் பெயருக்கு உடைந்தது விழுகிறது என்று அவள் பார்த்துவிடக் கூடாதாம். மூன்று தட்டுகளைப் பலகையில் வரிசையாக வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, இடக்கைத் தட்டுக்குச் சிவப்பு நூல், நடுத்தட்டுக்கு மஞ்சள், வலக்கைத் தட்டுக்கு வெள்ளை என்று கட்டுவாள். சிவப்பு கடம்பனார், மஞ்சள் நம்பியார், வெள்ளை ஆதனார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பலகைக்குத் தெற்கே உட்கார்ந்து கட்டியவள், அன்று கூரை ஒழுகி அந்த இடம் நனைந்திருந்ததால் வடக்கே போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. நடுவிலிருந்த நம்பியார் தப்பினார். இடம் வலமாயிற்று, படைத்தலைவர் மடைக்காவலரானார்.

பாகுக்காரி தன் சரக்கைத் தானே சுவைக்கக் கூடாது, ஊரார் சுவைக்கும் நாள்முதல் ஓலையிடும் நாள்வரை வீட்டை விட்டு வெளியேறவும் கூடாது என்பதும் விதி. ஆகவே ஊரில் நடந்த வேடிக்கை எதையும் அவள் அறியாள். அடியேன் கண்ணாரக் கண்டேன், தவறென்று மட்டும் அறியவில்லை.

கடம்பனார் அவைமுன் சிவப்பு நூல் அவிழ்த்து உருண்டையை வாயிலிட்டார். ஊரும் தன் பங்கை வாயிலிட்டு மிளகை எதிர்பார்த்தது. வந்ததோ உப்பும் புளியும் கல்லின் உறுதியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்ல ஊர் முழுவதும் ஞானம் பிறந்தது. வெடிபோல வெடிப்பவர் என்றல்லவா நினைத்தோம், உள்ளே இத்தனை ஆழமா என்று பெரியவர்கள் உருகினார்கள். அவர் கத்துவதெல்லாம் தம் பொறுமையை மறைப்பதற்காகத்தான் என்று பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் கணக்காயர் ஒருவர் விளக்கமும் கொடுத்தார். ஆதனாரின் உருண்டையோ தெருவெங்கும் இருமலைக் கிளப்பியது. முப்பது ஆண்டு வாய் திறக்காதவன் நெஞ்சில் இவ்வளவு நெருப்பை வைத்திருந்தானா, கோபம் வந்தால் மடையைத் திறந்துவிட்டு ஊரை மூழ்கடித்துவிடுவானே என்று அஞ்சி, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அந்த நல்ல மனிதர் வீட்டுக்குப் போய்த் தம் மனைவியிடம் தாம் கோபக்காரரா என்று கேட்டாராம். அவ்வம்மையார் சிரிப்பை நிறுத்த அண்டை வீட்டார் வந்து முதுகு தட்ட வேண்டியிருந்ததாம்.

கடம்பனாரோ மூன்று நாளும் பேசவில்லை. முதல் அரைநாள் வாயில் உருண்டை இருந்தது. மீதி நாட்கள் எதனால் பேசவில்லை என்பது பின்னர் விளங்கிற்று.

ஓலையிடும் நாள் காலை, சோலைநங்கை தலைகுளித்து, புதுச்சேலை உடுத்தி, அவைமண்டபத்துக்குப் புறப்பட்டாள். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரு பெண்கள் அவளைக் கண்டதும் வாயாரப் புகழ்ந்தார்கள். படைத்தலைவரின் உருண்டை காலையில் வாயிலிட்டது உச்சிவரை கரையவில்லை என்றும், அந்தப் பொறுமைக்காகவே ஊரில் முக்கால்வாசிப்பேர் அவருக்கு ஓலையிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நனைந்த தரை, வடக்குப் பக்கம், இடக்கை, வலக்கை எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டன.

அரசியார் இவ்விடத்தைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். உருண்டைகளின் கைப்பக்குவம் அவள் ஒருத்திக்கே தெரியும். தவறு நடந்ததென்று சொல்ல உலகில் வேறொரு சாட்சி இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு புகழை வாங்கிக்கொண்டு போயிருந்தால் இன்றுவரை அது வெளிவந்திருக்காது. வாயைத் திறந்தாலோ, தவறிழைத்த பாகுக்காரியின் அடுப்பு இடிக்கப்படும் என்பது மண்டபத் தூணில் வெட்டியிருக்கும் விதி. அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். அது மூன்று நாளாகக் குளிர்ந்து கிடந்தது. தென்கரையையும், கரைக்குள் கையை விட்டுத் தடவிய மனிதரையும் நினைத்தாள். கரை உடைந்தால் முதலில் மூழ்குவது ஆற்றோர வீடுகள் அல்ல, தெற்குச்சேரியின் நூறு குடிசைகள் என்பதையும் நினைத்தாள். பிறகு எழுந்து மண்டபத்துக்கு வந்து, குடத்தின் வாயைக் கையால் மூடினாள். அவள் சொன்னதை எழுத்தர் குறித்தபடியே பொறிக்கிறேன். பேச்சின் பச்சையைப் பொறுத்தருள்க.

“என் கை தப்புப் பண்ணிருச்சு. செவப்பு நூல்ல இருந்தது ஆதனாரு, வெள்ளை நூல்ல இருந்தது கடம்பனாரு. இனி ஒரு ஓலை விழக் கூடாது.”

ஊர் அவளைப் பாராட்டியிருக்கும் என்று தாங்கள் எண்ணினால், தாங்கள் ஆலைத்துறையாரை அறியீர்கள். அவர்கள் அவளோடு சண்டைக்கு நின்றார்கள். கடம்பனாரின் ஆழத்தைத் தம் நாவாலேயே கண்டுகொண்டதாகவும், உருண்டை சரியென்றும், காய்ச்சியவளுக்குத்தான் மூளை குழம்பிவிட்டதென்றும் சொன்னார்கள். கணக்காயர் தம் விளக்கத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். சோலைநங்கை குடத்தின் வாயிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

அப்போது கடம்பனார் எழுந்தார். மூன்று நாள் அடக்கிய குரல் அல்லவா, மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

“அந்தப் பொம்பள சொல்றது நெசம்! வாயில வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், இது நான் இல்லன்னு. ஆனா எல்லாரும் என்னப் பொறுமசாலின்னாங்க. எழுபது வருசத்துல ஒருத்தரும் சொன்னதில்ல. அத விட மனசு வரல. அதான் வாயத் தொறக்கல.”

சொல்லி முடித்துவிட்டு அவையின் முன்னே அழுதார். அப்போதுதான் ஊர் நம்பியது, ஏனெனில் இதுதான் அவர்கள் அறிந்த கடம்பனார். தங்கள் தந்தையார் இவரிடம் ஏன் படையை ஒப்படைத்தார் என்பது அடியேனுக்கு அன்றுதான் புரிந்தது. எதிரியின் வாளுக்கு முன் நிற்பவர்கள் பலர் உண்டு. தமக்குக் கிடைத்த புகழைத் தாமே திருப்பிக் கொடுப்பவர் அரிது.

குடத்தைக் கவிழ்த்து, விழுந்த ஓலைகளை எரிக்கச் செய்து, மூன்றாம் நாள் மீண்டும் ஓலையிடக் கட்டளையிட்டேன். புது உருண்டை காய்ச்ச நேரமில்லை. நாவில் பட்டதை மனத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஊருக்குப் பறையறைந்தோம். மாற்றிக்கொண்டார்கள். ஆதனார் மூன்றில் இரண்டு பங்கு ஓலைகளால் ஏரித்தலைவரானார். மூவரில் தம் உருண்டை ஒன்றுதான் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அதனால்தான் தோற்றோம் என்று நம்பியார் தாமே சொல்லிச் சிரித்தார்.

இனிச் சொல்லப்போவதே இவ்வோலையின் காரியம். புதுத் தலைவர் பதவியேற்ற அன்றே, பொழுது சாயுமுன், அந்தத் தூண்விதியைத் தம் கையால் நிறைவேற்றியாக வேண்டும். யாருடைய வாய்மையால் அவர் தலைவரானாரோ, அவளுடைய அடுப்பையே அவர் இடிக்க வேண்டும். ஊரார் வேண்டினார்கள். முன்பு அவளோடு சண்டையிட்டவர்களே முன்வரிசையில் நின்று வேண்டினார்கள். அடியேனும் தனியே அழைத்து, அமைச்சன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று சாடையாகச் சொன்னேன். நல்லவளுக்காக இன்று வளைத்தால் நாளை வல்லவனுக்காக வளைக்க வேண்டிவரும் என்று அவர் பதிலுரைத்து, கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்த நேரத்தில் அவருக்குக் காய்ச்சிய உருண்டையில் இனிப்பே இல்லை என்று நினைத்தேன்.

சோலைநங்கை அடுப்பின் சாம்பலைத் தானே வாரி, மூன்று வாய்களையும் துடைத்து, விலகி நின்றாள். மூன்று குத்துகளில் அடுப்பு விழுந்தது. முதலிரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவள் மூன்றாவதில் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள்.

ஆதனார் கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தார். மேல்துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். அதன்பின் அவர் தம் வாழ்நாளிலேயே மிக நீண்ட உரையை ஆற்றினார்.

“இடிக்கச் சொல்லிச்சு, இடிச்சாச்சு. திரும்பக் கட்டக் கூடாதுன்னு அந்தத் தூணுல எங்கயும் வெட்டல. நான் பாத்துட்டுத்தான் வந்தேன். மண்ணு எங்க இருக்கும்மா?”

பேரரசியாரே, முந்நூறு ஆண்டாக அந்தத் தூண் நிற்கிறது. இடிபட்ட பாகுக்காரி இத்தொழிலை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஊர் தானாகவே நினைத்துக்கொண்டதே தவிர, அப்படி ஓர் எழுத்தும் அதில் இல்லை. ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, மண் குழைக்கத் தெரிந்த ஒருவர் அதுவரை தலைவரானதும் இல்லை. கடம்பனார் போர்முழக்கத்தோடு ஆற்றுக்கு ஓடி, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நம்பியார் பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணை மிதித்தார். மிதித்தபடியே அடுப்புக்குப் பளிங்கு விளிம்பு வைக்கலாம் என்றார், எல்லாரும் வேண்டாம் என்றார்கள். வைக்கோல் நறுக்கிப் போட்டவன் யாரென்று தாங்கள் கேட்காவிட்டால் நலம். சோலைநங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆதனார் அடுப்புக்கு வாய் வைக்கவில்லை, மடைக்கு வாய் வைக்கிறார் என்று அதட்டி, அவர் கட்டியதில் பாதியை அவர் கையாலேயே பிரிக்கவைத்தாள். ஏரித்தலைவர் தலையாட்டிக்கொண்டே பிரித்தார்.

இது முறையா அன்றா என்று தீர்ப்பது தங்கள் திருவுளம். விதியின் எழுத்தைக் காத்து அதன் கொடுமையை மட்டும் கழித்தவர் மேலா, தன் வாழ்வையே இழக்கத் துணிந்து குடத்தின் வாயை மூடியவள் மேலா என்று அடியேன் எடைபோட்டுப் பார்த்தேன். என் தராசு பழுதாகிவிட்டது. இருவரையும் வணங்குகிறேன். மீண்டும் இடிக்க வேண்டும் என்பதே ஆணையானால், அதற்கு வேறோர் அமைச்சரை அனுப்பியருள்க. தென்கரையைப் பலப்படுத்த நாளை முதல் மண் கொட்டப்படுகிறது.

புது அடுப்பு காய ஒன்பது நாளாகும் என்கிறார்கள். பத்தாம் நாள் காலை அதில் தீ மூட்டப்படும். இங்கிருந்து தலைநகருக்கு விரைவுத் தூதன் நான்கு நாளில் வந்து, தங்கள் மறுஓலையுடன் நான்கு நாளில் திரும்பிவிடுவான் என்பதை அடியேன் நன்கு அறிவேன். ஆகவே இவ்வோலையைக் கால் சுளுக்கிய தூதனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெண்டுறை நாட்டு அமைச்சன் பூதங்கண்ணன், கையில் மண் காயுமுன் இட்ட முத்திரை. எழுத்துகள் மங்கியிருப்பது அதனாலேயே.

வழியிலுள்ள சாவடிகள் அனைத்துக்கும் ஆணை: இவ்வோலை சுமந்து வருபவனை எவரும் விரட்டற்க; குதிரை கொடுக்கற்க; சாவடிதோறும் அமர்த்தி, வயிறாரச் சோறிட்டு, உறங்கவைத்து அனுப்புக.